விற்கிறவன் சாட்சி செல்லுமா?

"விற்கிறவன் வேறு என்ன சொல்லுவான்!" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார் அந்த ஐயா. பகிடியாகத்தான் சொன்னார். ஆனாலும் அது மனதை விட்டுப் போகவில்லை. முல்லைத்தீவு மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில், மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் நிற்பது என் தொழில். ஐயா பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பிரஷர் குளிசைக்காக மாதாமாதம் வருவார். குளிசைக்கு ஐந்து நிமிடம், கதைக்கு அரை மணித்தியாலம் என்பது கணக்கு. சென்ற மாரியில் ஊர் முழுவதும் தடிமனும் இருமலுமாகக் கிடந்தபோது, நான் முகக்கவசத்துடன் நிற்பதைப் பார்த்துவிட்டார். "உலகமே கழற்றி எறிந்துவிட்டது. ஆராய்ச்சி செய்து, இதனால் ஒரு பிரயோசனமும் இல்லையென்று முடிவும் கட்டிவிட்டார்கள். நீர் மட்டும் இன்னும் மாட்டிக்கொண்டு நிற்கிறீர்" என்றார். பிரயோசனம் இருக்கிறது ஐயா என்றேன். அதற்குத்தான் அந்தப் பதில்.

கடை என்னுடையது அல்ல, நான் சம்பளத்துக்கு நிற்பவன், ஒரு பெட்டி முகக்கவசம் விற்றாலும் விற்காவிட்டாலும் என் சம்பளம் மாறாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அதுவும் விற்கிறவனின் பேச்சாகத்தான் கேட்டிருக்கும். அதைவிட, அவர் கேட்டது நியாயமான கேள்வி. கோவிட் காலத்தில், 2020இலும் 2021இலும் இந்த மேசையைத் தாண்டிப் போன முகக்கவசங்களுக்குக் கணக்கில்லை. அவற்றை வாங்கிப்போனவர்களுக்கு அதனால் உண்மையில் என்ன கிடைத்தது? நோய் குறைந்ததா, அல்லது பொலிசார் விதிக்கும் தண்டம் மட்டும் தப்பியதா? இந்த இரண்டாவது கேள்வியை வன்னிக்காரன் ஒருவன்தான் கேட்பான் என்று நினைக்கிறேன்.

ஐயா சொன்ன ஆராய்ச்சி எது என்று எனக்குத் தெரியும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட மீளாய்வு அது. கைகழுவுதல், முகக்கவசம் போன்ற தடுப்பு முறைகளைப் பற்றிய 78 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பொதுமக்கள் முகக்கவசம் அணிவதால் சளிக்காய்ச்சல் வகை நோய்களில் பெரிய வித்தியாசம் தென்படவில்லை என்று எழுதினார்கள். அது உலகம் முழுவதும் 'முகக்கவசம் வேலை செய்யாது' என்ற தலைப்பில் சுற்றியது. அதே ஆண்டு மார்ச்சில் அந்த நிறுவனத்தின் பிரதம ஆசிரியர் கார்லா சோரெஸ்-வைசர், அப்படிப் பொருள்கொள்வது பிழை என்று அறிக்கை விட்டார். முகக்கவசம் அணியுமாறு மக்களை ஊக்குவிப்பதால் நோய்ப் பரவல் குறைகிறதா என்பதைத்தான் மீளாய்வு பார்த்தது, அதற்கும் முடிவான விடை கிடைக்கவில்லை என்பது அவருடைய விளக்கம். தலைப்பு எங்கள் ஊர் வரைக்கும் வந்து சேர்ந்தது. விளக்கம் கொழும்பைக்கூடத் தாண்டவில்லை.

அந்த விளக்கத்துக்குள்தான் விஷயம் இருக்கிறது. போடச் சொல்வது ஒன்று, போடுவது இன்னொன்று. அந்த ஆய்வுகள் பலவற்றில் போடச் சொல்லப்பட்டவர்களில் கணிசமானோர் ஒழுங்காகப் போடவில்லை. அப்படியானால் அளக்கப்பட்டது துணியின் திறனா, மனிதரின் பழக்கமா? ஐயாவுக்குப் பதில் தேடப்போன நான், எங்கள் ஊர் தன் முகக்கவசத்தை எங்கே போட்டது, எங்கே கழற்றியது என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டியிருந்தது.

தெருவில் போட்டோம், வீட்டில் கழற்றினோம்

2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் கோவிட் கொத்தணி (ஒரே இடத்திலிருந்து பலருக்குப் பரவுவது) வெடித்த கையோடு, 15ஆம் திகதி அதிவிசேட வர்த்தமானி வந்தது. பொது இடத்தில் முகக்கவசம் கட்டாயம், மீறினால் பத்தாயிரம் ரூபாய் வரை தண்டம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. இங்கே நாட்கூலிக்குப் போகிறவருக்குப் பத்தாயிரம் என்பது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே எல்லாரும் போட்டார்கள். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியில், இரண்டு பக்கமும் வெட்டவெளி, எதிர்க்காற்று முகத்தில் அறைகிறது, மோட்டார் சைக்கிளில் ஒற்றை ஆள். அவர் முகத்தில் முகக்கவசம். வயல் வரம்பில் தனியாக நடப்பவரின் தாடையில் முகக்கவசம். சைக்கிள் கைபிடியில் ஒன்று தொங்கும், பொலிசாரைக் கண்டதும் அது முகத்துக்கு ஏறும். புழுதியும் வியர்வையும் சேர்ந்து நீலம் மண்ணிறமாகி, ஓரம் பஞ்சு பறந்து, வாரக்கணக்கில் ஒன்றையே வைத்திருப்பார்கள். சவர்க்காரம் போட்டுத் தோய்த்துக் கொடியில் காயவைத்து மறுபடி போட்டவர்களும் உண்டு.

அதே மனிதர் வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுவார். அது சரி, வீடுதானே. ஆனால் செத்தவீட்டுக்குப் போய் வாங்கில் தோளோடு தோள் உட்கார்ந்து தேத்தண்ணீர் வாங்கும்போதும் கழற்றுவார். பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுவார்கள். கண்ணீரில் நனைந்த முகக்கவசத்தை யார் மூக்கில் வைத்திருப்பார்? பிள்ளைகள் ரியூசன் கொட்டகையில் ஐந்து பேர் வாங்கில் ஏழு பேராக நெருங்கியிருந்து, வாத்தியார் சொல்வதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்வார்கள். சாறல் அடிக்கிறதென்று தார்ப்பாயை இறக்கிக் கட்டியிருப்பார்கள். வவுனியா கிளினிக்குக்குப் போகும் அதிகாலை பஸ்ஸில் மழைக்கு எல்லா யன்னல்களும் பூட்டு. கொண்டக்டர் டிக்கெட் காசு கேட்டுக் கத்த வேண்டியிருப்பதால் அவருடைய கவசம் கழுத்தில். காற்று ஓடித்திரியும் இடத்தில் போட்டோம், காற்று அடைபட்டு நிற்கும் இடத்தில் கழற்றினோம். இப்படிப் போட்டதை வைத்துக்கொண்டு கவசம் வேலை செய்ததா என்று கேட்டால், யாரும் எந்த விடையையும் சொல்லலாம்.

இன்னொன்றும் உண்டு. முகத்தைக் காட்டுவது என்பது இந்த மண்ணில் வேறு ஒரு விஷயம். முகத்தை மூடிக்கொண்டு வந்து ஆட்களைத் தலையசைத்துக் காட்டிக்கொடுத்த தலையாட்டிகளைப் பார்த்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. அதெல்லாம் பழையது என்றால், 2019 ஏப்ரல் 29ஆம் திகதியைப் பாருங்கள். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அவசரகாலச் சட்டத்தின்கீழ் முகத்தை மூடுவதற்குத் தடை வந்தது. ஒன்றரை வருடம் போவதற்குள் முகத்தை மூடாதிருப்பது குற்றமாயிற்று. இரண்டையும் தெருவில் நின்று நடைமுறைப்படுத்தியவர்கள் ஒரே சீருடைக்காரர்கள். ஒரு சோதனைச்சாவடியில் அடையாள அட்டையைக் கையில் வாங்கிய சிப்பாய், என் முகத்துக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டு, கவசத்தை இறக்கு என்று சைகை காட்டினார். இறக்கினேன். படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டார். போடு என்றார். போட்டேன். அந்தப் பயணம் முழுவதிலும் இன்னொரு மனிதர் என் மூச்சுக்காற்றுக்குள் வந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

2021 மே 17ஆம் திகதி இரவு முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, முள்ளியவளை ஆகிய மூன்று பொலிஸ் பிரிவுகளும் தனிமைப்படுத்தப்பட்டன. ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணி காரணமாகச் சொல்லப்பட்டது. தொற்று இருந்தது உண்மை. மறுநாள் மே 18, போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நாள் என்பதும் உண்மை. முள்ளிவாய்க்கால் மண்ணில் விளக்கேற்றப் போக இருந்தவர்களிடம் போய், இது முழுக்க முழுக்க நோய்த்தடுப்பு ஏற்பாடு என்று நம்பவைக்க எந்த வைத்தியராலும் முடிந்திராது. அந்தச் சந்தேகம் முகக்கவசத்தின் மேலும் படிந்தது. ஊரடங்கு, தனிமைப்படுத்தல், தண்டம், கவசம் எல்லாம் ஒரே பொதியில் வந்த பொருட்களாகிவிட்டன. பொதியை வெறுத்தவர்கள் அதற்குள் இருந்த நல்ல பொருளையும் சேர்த்து வெறுத்தார்கள். குறை சொல்ல எனக்கு மனமில்லை.

எங்கள் சனம் தொற்றை அறியாத சனமும் அல்ல. வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கொப்பளிப்பான் கண்டால் வாசலில் வேப்பிலை தொங்கும். அம்மாள் வந்திருக்கிறாள் என்றால் அயலவர் படலைக்கு வெளியே நின்று கதைத்துவிட்டுப் போவார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை போகாது. நல்லது கெட்டதுக்கு அந்த வீட்டார் வர மாட்டார்கள், யாரும் குறை நினைக்கவும் மாட்டார்கள். கொப்பளிப்பான் காற்றாலும் தொற்றும் நோய் என்பது புத்தகத்தில் பின்னர் படித்தது. அந்த ஒழுங்குக்கு வர்த்தமானியும் தண்டமும் தேவைப்படவில்லை. 2009இல், போர் முடிந்து சனத்தை அடைத்துவைத்த செட்டிக்குளம் முகாம்களில் ஒரு கூடாரத்துக்குள் இரண்டு மூன்று குடும்பங்கள் நெருக்கப்பட்டுக் கொப்பளிப்பான் பரவியபோதும், எங்கிருந்தோ வேப்பங்கொத்து ஒடித்து வந்து கூடார வாசலில் கட்டியவர்கள் இருந்தார்கள்.

காற்றில் என்ன நடக்கிறது

ஆரம்பத்தில் பெரிய இடங்களிலேயே குழப்பம். 2020 மார்ச் 28ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம், கோவிட்-19 காற்றால் பரவுவதில்லை என்று டுவிட்டரில் அடித்துச் சொன்னது. இருமும்போது விழும் பெரிய துளிகளும் தொட்ட கையும்தான் காரணம் என்ற எண்ணம் அது. சுகமாக இருப்பவர்கள் முகக்கவசம் போடத் தேவையில்லை என்றுதான் அப்போது ஆலோசனை. ஜூன் 5ஆம் திகதி அந்த ஆலோசனை மாறியது: இடைவெளி பேண முடியாத இடத்தில் மூன்று படைத் துணிக்கவசம், 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவக் கவசம். மூச்சோடு வெளிவந்து காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் மூலமும் இந்நோய் பரவும் என்று தெளிவாக எழுத 2021 ஏப்ரல் வரை சென்றது. அதற்குள் நாங்கள் பாண் பையையும் காசுத்தாளையும் சனிற்றைசரால் துடைத்தே ஒரு வருடம் கழித்துவிட்டோம்.

2020 மார்ச் 10இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணித்தியாலம் ஒத்திகை பார்த்தது. 61 பேர். கை குலுக்கவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. ஒருவருக்குத் தடிமன் போல இருந்தது. கடைசியில் 53 பேர் நோயாளிகள், இருவர் இறந்துபோனார்கள். அவர்கள் முக்கியமாகச் செய்தது பாடியதுதான். எங்கள் கடையில் அந்தியானால் ஒரு மூலையில் நுளம்புத்திரி கொளுத்துவோம். முன்கதவு திறந்திருந்தால் புகை தெருவுக்குப் போய்விடும், பக்கத்தில் நிற்பவருக்குக்கூட மணக்காது. மழைக்குக் கதவைச் சாத்தினால் கால் மணித்தியாலத்தில் மறு மூலையில் நிற்பவருக்குத் தொண்டை கரகரக்கும். ஒரு மீற்றர் தள்ளி நின்றும் பயனில்லை. நோயாளியின் மூச்சும் அந்தப் புகையைப் போலத்தான் போகிறது. கண்ணுக்குத் தெரியாததால் நம்ப மறுக்கிறோம்.

மேசைமேல் ஒரு சோதனை

அடுத்த மாதம் ஐயா வந்தபோது கடையில் ஆளில்லை. நான் ஒரு சாதாரண மூன்று படைக் கவசத்தை எடுத்து, அவர் கண்முன்னே கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டி, படைகளைப் பிரித்துக் கண்ணாடி மேசையில் பரப்பினேன். வெளியே நீலம், அது ஈரம் ஊறாமல் இருக்க. முகத்தோடு ஒட்டுவது வெள்ளை, மெதுவானது. நடுவில் இன்னொரு வெள்ளை, தாளைவிட மெல்லியது, கையில் எடுத்தால் விரலோடு ஒட்டிக்கொண்டு உதறினாலும் விழ மறுக்கும். பொலிபுரொப்பிலீனை உருக்கி, காற்றால் ஊதி இழுத்த நுண்ணிழைகள் அவை. அவற்றில் மின்னேற்றம் ஏற்றியிருக்கிறார்கள். வேலை செய்வது அந்த நடுப்படைதான். சந்தையில் சில்லறையாக விற்ற சில கவசங்களில் அது இருக்கவே இல்லை. வெளிச்சத்துக்குப் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்பவரின் சட்டை நிறம் தெரிந்தது.

"வைரஸ் இந்த ஓட்டையைவிடச் சின்னதாம். பிறகு எப்படிப் பிடிக்கும்?" என்று கேட்டார். எல்லாரும் கேட்கும் கேள்வி. வைரஸ் ஏறத்தாழ ஒரு மைக்ரோனில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் அது தனியே பறப்பதில்லை, எச்சிலும் சளியும் கலந்த துகளுக்குள் இருந்து வருகிறது. அந்தத் துகள்கள் பல அளவில் இருக்கும். பெரியவை நேராக வந்து இழையில் மோதி நின்றுவிடும். மிகச் சிறியவை காற்று மூலக்கூறுகளிடம் அடிபட்டு அங்குமிங்கும் தள்ளாடுவதால் ஏதோ ஓர் இழையில் முட்டியே தீரும். பிடிக்க மிகக் கடினமானவை இடைப்பட்ட அளவுக்காரர், சுமார் 0.3 மைக்ரோன். முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 கவசத்தின் பெயரில் இருக்கும் 95, அந்தக் கடினமான அளவிலேயே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தாவது பிடிபட வேண்டும் என்பதற்கு. மின்னேற்றம் மிச்சத்தை இழுக்கிறது. சவர்க்காரம் போட்டால் அந்த மின்னேற்றம் போய்விடும்; கொடியில் காய்ந்த நீலக் கவசங்கள் பார்வைக்கு மட்டும் கவசங்கள்.

ஐயா கணக்குப் புத்தகங்களோடு வாழ்ந்தவர், வாய்ச்சொல்லை ஏற்கிற ஆள் அல்ல. ஒரு புதுக் கவசம் கேட்டார். போட்டுக்கொண்டு, தீக்குச்சியைக் கிழித்து என் கையில் தந்து பிடிக்கச் சொல்லி ஊதினார். சுடர் அசைந்தது, அணையவில்லை. முகநூலில் பார்த்த சோதனையாம். இது ஊதலின் வேகத்தைத்தான் காட்டும், துகள் பிடிபடுவதைக் காட்டாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் இரண்டாம் முறை பலமாக ஊதினார். மூக்குக்கண்ணாடி இரண்டும் வெள்ளையாகப் பனித்துவிட்டன. ஒன்றும் தெரியாமல் நின்றவர், கண்ணாடியைக் கழற்றித் துடைக்காமல், அப்படியே கையை உயர்த்தி மூக்கின் இரு பக்கமும் விரலால் தடவினார். கன்னத்திலும் தடவினார். "முன்னால் போகாத காற்று மேலால் போகிறது" என்றார். "அப்படியானால் துணி நல்லதுதான். ஓரம்தான் பழுது."

நான் இத்தனை காலமும் வாயால் சொன்னதைவிட அந்தப் பனித்த கண்ணாடி நன்றாகச் சொல்லிவிட்டது. மூக்குக் கம்பியை அழுத்தி முகத்துக்கு ஏற்ப வளைத்துவிட்டேன். காது நாடாவில் ஒரு முடிச்சுப் போட்டு, பக்கவாட்டில் விரிந்திருந்த மடிப்பை உள்ளே செருகினேன். மறுபடி ஊதச் சொன்னேன். கண்ணாடியின் கீழ் ஓரத்தில் மட்டும் இலேசாகப் பனி. தாடி வைத்தவருக்கு இதுவும் சரிவராது என்றேன். சலூனுக்குப் போக ஒரு காரணம் கிடைத்தது என்றார்.

சலூன் என்றதும் மிசூரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரத்து நிகழ்ச்சியை அவருக்குச் சொன்னேன். 2020 மே மாதம் ஒரு சலூனில் முடி திருத்தும் இருவருக்குக் கோவிட். தெரியவருமுன் 139 பேருக்கு முடி திருத்திவிட்டார்கள். அந்த ஊரில் முகக்கவச விதி இருந்தது. இருவரும் போட்டிருந்தார்கள், வாடிக்கையாளர்களும் அநேகமாக எல்லாரும் போட்டிருந்தார்கள். பரிசோதனைக்கு இணங்கிய 67 பேரில் ஒருவருக்கும் தொற்று இல்லை. மிச்சப்பேருக்கும் நோய் அறிகுறி வரவில்லை. ஆனால் அந்த இருவரும், ஆட்கள் இல்லாத நேரத்தில் கவசத்தைக் கழற்றிவிட்டுக் கதைத்துக்கொண்டிருந்தவர்கள். முதலாமவரின் வீட்டாருக்கும் நெருங்கிய உறவுகளுக்கும் தொற்றியது. ஒரே ஆள், ஒரே வைரஸ், போட்ட இடத்தில் ஒன்று, கழற்றிய இடத்தில் ஒன்று. இது ஒழுங்காக நடத்திய ஆய்வு அல்ல, தற்செயலாக அகப்பட்ட சம்பவம். ஒப்பிட்டுப் பார்க்கக் கவசம் போடாத இன்னொரு சலூன் இல்லை. ஆனாலும் எங்கள் செத்தவீட்டு வாங்கையும் அதிகாலை பஸ்ஸையும் நினைக்கும்போது, எத்தனையோ அட்டவணைகளைவிட இதுதான் எனக்கு விளங்குகிறது.

"சரி, இருமுகிறவன் போடட்டும். இருமாத நான் ஏன் போட வேண்டும்?" என்றார். இந்த வைரஸின் சூழ்ச்சி அங்கேதான். அறிகுறி தெரியுமுன் ஓரிரு நாட்களுக்கு முன்னரே அது அடுத்தவருக்குப் போகத் தொடங்கிவிடும். இருமலுக்குக் காத்திருந்து போட்டால் பாதி வேலை முடிந்திருக்கும்.

வங்காளதேசத்துக் கிராமங்கள்

ஐயாவுக்குக் கடைசியாகச் சொன்ன ஆய்வு வங்காளதேசத்தினுடையது. டென்மார்க்கில் 2020 வசந்தகாலத்தில் சுமார் 6,000 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு: கவசம் போடச் சொன்னவர்களில் 1.8 சதவீதத்துக்குத் தொற்று, மற்றவர்களில் 2.1 சதவீதம், வித்தியாசம் உறுதியானதல்ல. ஆனால் சுற்றியிருந்த ஊரே கவசமில்லாமல் இருந்தபோது போட்ட ஆளுக்கு மட்டும் என்ன கிடைத்தது என்பதைத்தான் அது அளந்தது. நோர்வேயில் 2023இல் 4,600க்கு மேற்பட்டவர்களை வைத்து இரண்டு வாரம் பார்த்தார்கள். சுவாச நோய் அறிகுறி வந்ததாகச் சொன்னவர்கள் போட்டவர்களில் 8.9 சதவீதம், போடாதவர்களில் 12.2 சதவீதம். தாங்களே சொன்ன கணக்கு என்பதால் கொஞ்சம் கழித்துத்தான் எடுக்க வேண்டும்.

வங்காளதேச ஆய்வில் கிராமங்கள்தான் அலகு. 600 கிராமங்கள், மூன்று இலட்சத்து நாற்பதாயிரத்துக்கும் அதிகமான வயதுவந்தோர், 2020 நவம்பரிலிருந்து 2021 ஏப்ரல் வரை. பாதிக் கிராமங்களில் வீடுவீடாக இலவசமாகக் கவசம் கொடுத்து, பள்ளிவாசலிலும் சந்தையிலும் நின்று நினைவூட்டி, ஊர்ப் பெரியவர்களை முதலில் போடவைத்தார்கள். தண்டம் இல்லை. போடுபவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமானார்கள். அதாவது பாதிப்பேர்கூட இல்லை. அதற்கே அறிகுறியோடு உறுதியான தொற்று ஏறத்தாழ 9 சதவீதம் குறைந்தது. துணிக்கவசம் கொடுத்த ஊர்களில் பலன் தெளிவாகத் தெரியவில்லை. மருத்துவக் கவசம் கொடுத்த ஊர்களில் தெரிந்தது. அங்கே 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 35 சதவீதம் வரை குறைவு. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, தலைக்கணக்கில் வித்தியாசம் சிறியது என்று புள்ளிவிபரவியலாளர்கள் சிலர் இதையும் கிழித்துப் பார்த்தார்கள். பார்க்கத்தான் வேண்டும்.

ஐயா இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒன்பது சதவீதம் என்பது அவரைப் பெரிதாக அசைக்கவில்லை. அவரைப் பிடித்தது வேறு. "வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுத்தார்களா?" என்று திரும்பக் கேட்டார். சங்கக்கடையில் கூப்பன் அரிசி நிறுத்துக் கொடுத்த காலத்து மனிதர். கிராம சேவையாளரும் சங்கமும் கோயில் தலைவரும் சேர்ந்தால் இங்கே ஒரு கிழமையில் கொடுத்து முடித்திருக்கலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். எந்த வட்டாரத்துக்கு எத்தனை பெட்டி, யார் சைக்கிளில் கொண்டுபோவது என்பது வரைக்கும் போய்விட்டது கணக்கு.

என்னுடைய தீர்ப்பை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நடுப்படை உள்ள கவசம், ஓரம் அடைத்து, அடைபட்ட இடத்தில் போட்டால் தொற்றைக் குறைக்கும். நிறுத்தாது. யன்னலைத் திறப்பது சில இடங்களில் அதைவிடப் பெரிய உதவி, அதற்கு ஒரு சதமும் செலவில்லை. வெட்டவெளியில் தனியே போகிறவர் முகத்தில் அதை மாட்டச் சொன்னது வீண் வேலை, வேண்டாத பகையும்கூட. தொய்வுக்காரர், நீரிழிவுக்காரர், கர்ப்பிணிகள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுகிறவர்கள் மாரிக்காலத்தில் கிளினிக் வரிசையில் நிற்கும்போது போட வேண்டும். அவர்கள் பக்கத்தில் இருமிக்கொண்டு நிற்பவர் கட்டாயம் போட வேண்டும். இருமுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேசைமேல் சாய்ந்து நின்று கதைக்கும் தாய்மாரிடம் முகக்கவசம் வாங்குங்கள் என்று நான் சொல்வதில்லை. ஒன்றை எடுத்துத் தாயின் கையில் கொடுப்பேன், பிள்ளை சிறியதென்றால் பிள்ளைக்கு வேண்டாம் என்பேன். முதலாளிக்கும் தெரியும்.

பஸ்ஸில் இப்போது கவசம் போட்டு ஏறினால் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போய்விடுகிறார். ஏதோ வருத்தம் என்று நினைக்கிறார்கள். அதிலும் ஓர் இலாபம் உண்டு, இரண்டு இருக்கை கிடைக்கும்.

ஐயா பிறகொருநாள் ஒரு பெட்டியோடு வந்தார். 2021இல் கனடாவிலிருந்து மகள் அனுப்பிய என்95, பிரிக்காமலே அலுமாரியில் வைத்திருந்தாராம். வவுனியாவில் கண் கிளினிக்குக்குப் போக இருக்கிறது, இது இன்னும் செல்லுமா, திகதி முடிந்துவிட்டதா என்று கேட்டார். ஒன்றை எடுத்து இழுத்துப் பார்த்தேன். வடிகட்டும் படை பார்வைக்குப் பழுதில்லை. நாடாதான் வெக்கையில் தொய்ந்து, இழுத்தால் இழுத்தபடி நின்றது. அப்படியே போட்டால் கன்னத்தோரம் திறந்துகொள்ளும் என்றேன். பழைய நாடாவை வெட்டிவிட்டுத் தையல் கடையில் புது இலாஸ்ரிக் போடுவித்தால் என்ன என்றார். ஊசி குத்திய இடமெல்லாம் ஓட்டையாகும் என்றேன். நாடா இறுக்கமாக இருந்த சிலவற்றைத் தெரிந்தெடுத்து, போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று தனித்தனிக் கடதாசி உறையில் போட்டுக் கொடுத்தேன். யன்னல் பக்கத்து இருக்கை கிடைத்தால் யன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொன்னேன். மழை அடித்தால் பக்கத்தில் இருப்பவர் சண்டைக்கு வருவாரே என்றார்.